நெக்ஸான் ஈவி நல்ல வண்டிதான், ஆனா உங்க சம்பளக் கணக்குக்கு ஒத்து வருமா?



போன வாரம் நம்ம சேனலுக்கு ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். மீஞ்சூர்க்காரர். வயசு 28. காட்டுப்பள்ளி துறைமுகம் பக்கத்துல ஒரு லாஜிஸ்டிக்ஸ் ஆபீஸ்ல வேலை. பிடித்தம் எல்லாம் போக கைக்கு வர்றது 65,000. அவர் கேட்டது இதுதான்:

"அக்கா, நெக்ஸான் ஈவி 45 பார்த்து வச்சிருக்கேன். டிசம்பர் 31க்குள்ள எடுத்தாதான் ரோடு டாக்ஸ் கிடையாதுன்னு ஷோரூம்ல சொல்றாங்க. லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. 7 வருஷம், இஎம்ஐ 19,300. பெட்ரோல் மிச்சத்துலயே இஎம்ஐ கட்டிடலாம்னு சேல்ஸ்ல இருக்கிற அண்ணன் சொல்றார். எடுத்துடவா?"

இதை நான் எழுதுறது 2025 நவம்பர்ல. இதே கேள்வியை வேற வேற ஊர்ல இருந்து நிறைய பேர் கேட்கறீங்க. அதனால தம்பிக்குச் சொன்ன பதிலையே முழுசா இங்க எழுதறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: வண்டி நல்ல வண்டி. ஆனா அந்த லோன் தப்பு. இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறதாலதான் நம்ம பசங்க மாட்டிக்கறாங்க.

முதல்ல வண்டியைப் பத்தி

நெக்ஸான் ஈவி 2020 ஜனவரியில 13.99 லட்சத்துக்கு அறிமுகம் ஆச்சு. அப்போ பேட்டரி 30.2 கிலோவாட் அவர், சான்றிதழ்ல இருந்த ரேஞ்ச் 312 கிமீ. 2022ல 40.5 பேட்டரியும் வந்தது. 2024 செப்டம்பர்ல 45 கிலோவாட் அவர் பேட்டரி வந்தது. இன்னைக்கு அந்த 45 பேட்டரி வண்டியே எக்ஸ் ஷோரூம் 13.99 லட்சத்துல ஆரம்பிக்குது. அஞ்சு வருஷத்துல அதே விலைக்கு ஒன்றரை மடங்கு பேட்டரி. இந்த வரியை ஞாபகம் வச்சுக்கோங்க, ரீசேல் பேசும்போது திரும்ப வரும்.

சான்றிதழ் ரேஞ்ச் 489 கிமீ. அது சோதனைக் கூடத்துல வர்ற எண். நிஜ ரோட்டுல 350 முதல் 370 வரைன்னு நிறுவனமே சொல்லுது. சென்னை வெயில்ல ஏசி போட்டு, அவுட்டர் ரிங் ரோட்டுல 90ல போனீங்கன்னா 300ஐ ஒட்டித்தான் நான் கணக்கு வைப்பேன். மீஞ்சூர்ல இருந்து திருப்பதி போய்ட்டு வர அது தாராளம். சிறுவாபுரி, பழவேற்காடு எல்லாம் கணக்குலயே வராது. தூத்துக்குடிக்குப் போறதா இருந்தா நடுவுல ரெண்டு தடவையாவது நிறுத்திச் சார்ஜ் போடணும். ஃபாஸ்ட் சார்ஜர்ல 10ல இருந்து 80 சதவீதத்துக்கு சுமார் 40 நிமிஷம்னு சொல்றாங்க. அது நீங்க போற நேரம் சார்ஜர் காலியா இருந்தா.

ஓட்டறதுக்கு சுகமான வண்டி. கிளட்ச் இல்ல, கியர் இல்ல, சத்தம் இல்ல. மணலி பக்கம் கண்டெய்னர் லாரி வரிசையில ஒரு மணி நேரம் ஊர்ந்து போனா இடது கால் வலிக்காது. அந்த ஊர்ந்து போற நேரத்துல பெட்ரோல் வண்டி எண்ணெயைக் குடிக்கும், இது ஏசிக்கு மட்டும்தான் கரண்ட் எடுக்கும். பாரத் என்கேப் பாதுகாப்பு சோதனையில 2024ல 5 நட்சத்திரம் வாங்கின வண்டி. திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி ரோட்டுல தினமும் போறவங்களுக்கு இந்த 5 நட்சத்திரத்தோட மதிப்பை நான் சொல்லத் தேவையில்ல.

இப்போ கரண்ட் பில்

"ஈவிக்கு ஒரு கிமீக்கு ஒரு ரூபாய்தான்"னு எல்லா ரீல்ஸ்லயும் சொல்றாங்க. தமிழ்நாட்டுல அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நம்ம வீட்டு மின்கட்டணம் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை, ஸ்லாப் முறையில வருது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள்ள இருந்தா 101ல இருந்து 200 வரைக்கும் யூனிட் 2.35தான். 500ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.35 சலுகை போயிடும், அந்த 100 யூனிட்டுக்கும் அடுத்த ஸ்லாப் ரேட்டு விழும். 500க்கு மேல யூனிட் 8 ரூபாய் சொச்சம், 600க்கு மேல 9 ரூபாய் சொச்சம், 800க்கு மேல 10 ரூபாய் சொச்சம், 1000க்கு மேல 11 ரூபாய் சொச்சம்.

வண்டி சார்ஜ் பண்ற யூனிட் எல்லாம் உங்க வீட்டு யூனிட்டுக்கு மேலதான் போய் உட்காரும். அதனால சராசரி ரேட்டை வச்சுக் கணக்கு போடக்கூடாது. ஏற்கனவே நீங்க இருக்கற ஸ்லாப்புக்கு மேல இருந்து போடணும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு ஏசி, ஒரு ஃபிரிட்ஜ் இருக்கற வீடு. ரெண்டு மாசத்துக்கு 450 யூனிட். பில் சுமார் 1,500. வண்டி மாசம் 1,000 கிமீ ஓடுது, அதாவது ரெண்டு மாசத்துக்கு 2,000. பிளக்ல இருந்து எடுக்கற ஒரு யூனிட்டுக்கு, சார்ஜிங் நஷ்டம் எல்லாம் சேர்த்து, 6 கிமீ வச்சுக்கோங்க. 333 யூனிட் கூடுது. மொத்தம் 783. பில் 4,600ஐத் தாண்டும். கூடுதல் செலவு சுமார் 3,100 முதல் 3,200. ஒரு கிமீக்கு 1.55 முதல் 1.60.

ஒரு ரூபாய் இல்ல, ஒன்றரை ரூபாய். ஆனாலும் பெட்ரோலோட ஒப்பிட்டா இது பெரிய லாபம்தான். லிட்டர் 101 ரூபாய், நம்ம ட்ராஃபிக்ல 14 கிமீ கொடுக்கற பெட்ரோல் எஸ்யூவின்னு வச்சா கிமீக்கு 7.20. மாசம் 1,000 கிமீக்கு 7,200 ரூபாய். ஈவிக்கு 1,600க்குள்ள. மிச்சம் சுமார் 5,600.

வீட்டுல சார்ஜ் போட வழியில்லாம எப்பவும் வெளியில ஃபாஸ்ட் சார்ஜர்லதான் போடணும்னா, யூனிட் 20 ரூபாய்னு வச்சாலும் கிமீக்கு 3 ரூபாய்க்கு மேல போகும். அப்பவும் பெட்ரோலை விடக் குறைவுதான். ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவை சார்ஜர் தேடிப் போய் உட்காரற நேரம் உங்களோடது. பார்க்கிங்ல 15 ஆம்ப் பிளக் பாயிண்ட் இருந்தா ராத்திரி 8 மணி நேரத்துல 140 கிமீக்கு மேல ஏறிடும், தினசரிக்கு அது போதும். அதனால என்னைக் கேட்டா வண்டி பார்க்கறதுக்கு முன்னாடி பிளக் பாயிண்டைப் பாருங்க. வாடகை வீடா இருந்தா ஹவுஸ் ஓனர்கிட்ட வாய்வார்த்தையா இல்லாம எழுத்துல சம்மதம் வாங்குங்க.

சொந்த வீடு, சொந்த மொட்டை மாடி இருக்கறவங்களுக்கு இன்னொரு வழி இருக்கு. பிஎம் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட்னு வச்சா ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட்டுக்கு மேல கிடைக்கும். வீட்டுக்கும் வண்டிக்கும் வேண்டியதுல பெரும்பகுதி அதுலயே முடிஞ்சிடும். ஈவி வாங்கறதுக்கு முன்னாடி சோலார் போடறது, வரிசைப்படி பார்த்தா இன்னும் நல்ல முதலீடுன்னுதான் நான் சொல்வேன்.

பெட்ரோல் எஸ்யூவியா, ஈவியா?

2025 செப்டம்பர் 22க்கு அப்புறம் இந்தக் கேள்விக்குப் பதில் மாறிடுச்சு. ஈவிக்கு 2019 ஆகஸ்ட்ல இருந்தே ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். ஆனா 4 மீட்டருக்குள்ள, 1,200 சிசிக்குள்ள இருக்கற பெட்ரோல் காருக்கு செஸ் சேர்த்து 29 சதவீதமா இருந்தது இப்போ 18 ஆயிடுச்சு. பெட்ரோல் நெக்ஸானோட ஆரம்ப விலையே 7.32 லட்சத்துக்கு இறங்கிடுச்சு. அதனால போன வருஷம் எடுத்த "ஈவி வெர்சஸ் பெட்ரோல்" வீடியோவை எல்லாம், நம்ம சேனல் வீடியோவையும் சேர்த்துத்தான் சொல்றேன், இப்போ பார்த்து முடிவு எடுக்காதீங்க.

ஒரு ஒப்பீடு போடுவோம். 10.5 லட்சம் எக்ஸ் ஷோரூம்ல ஒரு பெட்ரோல் ஆட்டோமேட்டிக்னு வச்சுக்கோங்க. தமிழ்நாட்டுல 10 லட்சத்துக்கு மேல 20 லட்சம் வரைக்கும் ரோடு டாக்ஸ் 18 சதவீதம். அதாவது 1.89 லட்சம். இன்சூரன்ஸ் 45,000, டிசிஎஸ் 10,500 சேர்த்தா ஆன் ரோடு சுமார் 12.95 லட்சம்.

நெக்ஸான் ஈவி 45, 13.99 லட்சம். ரோடு டாக்ஸ் இப்போதைக்கு பூஜ்யம். இன்சூரன்ஸ் 60,000, டிசிஎஸ் 14,000. ஆன் ரோடு சுமார் 14.75 லட்சம்.

வித்தியாசம் 1.8 லட்சம். மாசம் 1,000 கிமீ ஓட்டினா வருஷத்துக்கு 67,000 மிச்சம், அதனால 3 வருஷத்துக்குள்ள அந்த வித்தியாசம் திரும்ப வந்துடும். மாசம் 500 கிமீதான் ஓட்டறீங்கன்னா 5 வருஷத்துக்கு மேல ஆகும்.

ரோடு டாக்ஸ் விலக்கு போயிடுச்சுன்னா ஈவி மேல 18 சதவீதம், அதாவது 2.52 லட்சம் கூடும். வித்தியாசம் 4.3 லட்சம் ஆயிடும். 1,000 கிமீ ஓட்டறவருக்கே ஆறு வருஷத்துக்கு மேல ஆகும். ஆகவே ஷோரூம்ல சொல்ற டிசம்பர் 31 வெறும் பயமுறுத்தல் இல்ல, அதுல நிஜமாவே பணம் இருக்கு. இந்த விலக்கு முதல்ல 2022 டிசம்பரோட முடியறதா இருந்து, அப்புறம் 2025 டிசம்பர் 31 வரைக்கும் நீண்டது. மறுபடியும் நீளும்னு நம்பி யாரும் திட்டம் போடக்கூடாது.

யாருக்கு இது சரியான கணக்கு? மீஞ்சூர்ல குடியிருந்து, அவுட்டர் ரிங் ரோடு பிடிச்சு பூந்தமல்லி பக்கம் வேலைக்குப் போறவர். ஒரு வழிக்கு 40 கிமீ. ஏற்கனவே பெட்ரோல் கார்லதான் போறார். மாசம் 1,600 கிமீ. அவருக்கு மாசம் 8,900 ரூபாய் மிச்சம். டோல் ரெண்டு வண்டிக்கும் ஒண்ணுதான். பழைய கார் விற்கற பணம் முன்பணத்துக்கு உதவும். அவர் டிசம்பர் 31க்குள்ள எடுக்கட்டும். நான் தடுக்க மாட்டேன்.

தம்பி கேட்ட கேள்விக்கு வருவோம்

நான் அவர்கிட்ட திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இப்போ எதுல வேலைக்குப் போறீங்க?"

"பைக்லக்கா. போக வர 20 கிமீ."

அப்போ மாசம் 500 கிமீ. பைக் 45 கிமீ மைலேஜ் கொடுத்தா பெட்ரோல் செலவு 1,100, 1,200 ரூபாய். அவர்கிட்ட கார் இல்ல. அவர் பெட்ரோல் காருக்கு எண்ணெய் போடவே இல்ல. பிறகு மிச்சம் எங்க இருந்து வரும்?

இதுதான் இந்த விற்பனைப் பேச்சுல இருக்கற ஓட்டை. "பெட்ரோல் மிச்சம்"னு அவங்க காட்டறது, நீங்க வாங்காத ஒரு பெட்ரோல் காரோட ஒப்பிட்டு வர்ற எண். அது உங்க பேங்க் அக்கவுண்ட்ல இருந்து இப்போ போற பணம் இல்ல. தம்பிக்கு நிஜமா நடக்கப் போறது என்ன? மாசம் 1,200 செலவு இருந்த இடத்துல இஎம்ஐ 19,300, கரண்ட் கூடுதலா 775, இன்சூரன்ஸ் புதுப்பிக்க மாசத்துக்கு ஒதுக்க வேண்டியது 2,500ன்னு சுமார் 22,500 போகும். 500 கிமீக்கு அதை வகுத்தா ஒரு கிமீக்கு 45 ரூபாய். கால் டாக்ஸி இதுல பாதி.

கார்லதான் போகணும்னு முடிவு பண்ணி பெட்ரோல் எஸ்யூவியோட ஒப்பிட்டாலும், மாசம் 500 கிமீக்கு மிச்சம் 2,800தான். ஈவி லோனோட இஎம்ஐ பெட்ரோல் லோனை விட 2,900 ஜாஸ்தி. சரிக்குச் சரி. 1,600 கிமீ ஓட்டறவருக்கே மிச்சம் 8,900தான்னு மேல பார்த்தோம். "பெட்ரோல் மிச்சத்துல இஎம்ஐ"ங்கறது அவருக்கே பாதி கூட இல்ல.

லோனையும் பாருங்க. 12 லட்சம், 9 சதவீதம், 84 மாசம். இஎம்ஐ 19,307. மொத்த வட்டி மட்டும் 4.22 லட்சம். அதையே 60 மாசத்துல கட்டினா வட்டி 2.95 லட்சம், ஆனா இஎம்ஐ 24,910. அவரால அதைக் கட்ட முடியாதுங்கறதாலதான் 84 மாசத்துக்கு நீட்டியிருக்காங்க. கார் லோன் 5 வருஷத்துக்கு மேல போனாதான் இஎம்ஐ கட்டுப்படியாகும்னா, அந்தக் கார் உங்க பட்ஜெட்ல இல்லன்னு அர்த்தம். என் கணக்கு ரொம்ப எளிது: கார் இஎம்ஐ கைக்கு வர்ற சம்பளத்துல 15 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தம்பிக்கு அது 9,750. அவர் எடுக்கப் போறது 30 சதவீதம். நாளைக்குக் கல்யாணம், வீட்டு அட்வான்ஸ், வேலை மாற்றம்னு எது வந்தாலும் அந்த 19,300 ஒண்ணாம் தேதி வந்து நிக்கும்.

ரீசேல்: யாரும் பேசாத பக்கம்

2024 செப்டம்பர்ல நெக்ஸான் ஈவி விலையை சில வேரியண்ட்ல 3 லட்சம் வரைக்கும் குறைச்சாங்க. புதுசா வாங்கறவங்களுக்கு சந்தோஷம். அதுக்கு முந்தின மாசம் வாங்கினவருக்கு? அவர் வண்டியோட ரீசேல் மதிப்பு ஒரே ராத்திரியில இறங்கிடுச்சு. பேட்டரி விலை குறையக் குறைய, ரேஞ்ச் கூடக் கூட, பழைய ஈவியோட மதிப்பு வேகமா இறங்கும். இது எந்த நிறுவனத்தோட தப்பும் இல்ல, புதுத் தொழில்நுட்பம்னா அப்படித்தான். முதல்ல வந்த ஸ்மார்ட்போனை நினைச்சுப் பாருங்க.

45 கிலோவாட் அவர் வண்டிக்கு இப்போ 15 வருஷம் வரைக்கும் பேட்டரி வாரண்டி தர்றாங்க. நல்ல விஷயம், பேட்டரி பயம் பெரும்பாலும் தீர்ந்துடுச்சு. ஆனா அது முதல் தனிநபர் உரிமையாளருக்குத்தான். நீங்க வித்தா அடுத்தவருக்கு அதே வாரண்டி போகாது. ஆக ஈவி வாங்கினா 8, 10 வருஷம் வச்சு ஓட்டற எண்ணத்தோட வாங்குங்க. மூணு வருஷத்துல மாத்தற ஆளுக்கு இது கைக்கடி.

பேட்டரி இல்லாம வண்டியை மட்டும் வாங்கி, பேட்டரிக்கு கிமீ கணக்குல வாடகை கட்டற திட்டமும் இருக்கு. எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பர்ல 9.99 லட்சம், கூட கிமீக்கு 3.50ன்னுதான் அறிமுகமாச்சு. அந்த 3.50ஓட கரண்ட் 1.55ஐயும் கூட்டினா கிமீக்கு 5 ரூபாய்க்கு மேல. பெட்ரோலோட வித்தியாசம் ரெண்டு ரூபாய்தான். குறைந்தபட்சம் இத்தனை கிமீக்குக் கட்டியே ஆகணும்னு ஷரத்து இருக்கான்னு படிச்சுட்டு கையெழுத்து போடுங்க. கம்மியா ஓட்டறவருக்கு அந்த ஒரு வரி எல்லாக் கணக்கையும் கவிழ்த்துடும்.

வரி: ரீல்ஸ்ல சொல்றதுல பாதி காலாவதி ஆனது

ஒண்ணு, 80 இஇபி. ஈவி லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை கழிவுன்னு இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு. அது 2019 ஏப்ரல் 1ல இருந்து 2023 மார்ச் 31க்குள்ள அனுமதியான லோனுக்கு மட்டும். அதுவும் பழைய வரி முறையில இருக்கறவங்களுக்குத்தான். இன்னைக்கு நீங்க எடுக்கற லோனுக்கு ஒரு ரூபாய் கூடக் கிடையாது.

ரெண்டு, 40 சதவீதத் தேய்மானம். அது தொழில் செய்யறவங்களுக்கு. மாசச் சம்பளக்காரருக்கு இல்ல.

மூணு, டிசிஎஸ். இது உங்களுக்கு நிஜமா வர வேண்டிய பணம். 10 லட்சத்துக்கு மேல விலை இருக்கற கார் வாங்கினா ஷோரூம்ல 1 சதவீதம் வாங்கி உங்க பான் நம்பர்ல கட்டுவாங்க. 13.99 லட்சத்துக்கு 14,000 ரூபாய். அது 26ஏஎஸ்ல வரும். புது வரி முறையில 12.75 லட்சம் சம்பளம் வரைக்கும் இந்த வருஷம் வரி இல்ல, அதனால "எனக்குத்தான் வரியே இல்லையே"ன்னு ரிட்டர்ன் போடாம விடறவங்க இருக்காங்க. ரிட்டர்ன் போட்டாதான் அந்த 14,000 ரீஃபண்டா வரும். வரி கட்டறவங்க 12 பிஏஏ படிவத்தை ஆபீஸ்ல கொடுத்தா சம்பளத்துல பிடிக்கற டிடிஎஸ்லயே கழிச்சுக்கலாம்.

எங்க ஊர்ப் பக்கம் இருந்து ரெண்டு விஷயம்

"புகையே இல்லாத வண்டி"ன்னு விளம்பரத்துல சொல்லும்போது மீஞ்சூர்க்காரங்களுக்கு லேசா சிரிப்பு வரும். அத்திப்பட்டுல வடசென்னை அனல் மின் நிலையம், பக்கத்துலயே வல்லூர். கொடியில காயற துணியில படியற சாம்பல் எங்க இருந்து வருதுன்னு நம்ம ஊர் அம்மாக்களுக்குத் தெரியும். ஒரு யூனிட் கரண்டுக்கு இந்தியாவுல சராசரியா சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகுது. 6 கிமீக்கு வகுத்தா கிமீக்கு 120 கிராம். 14 கிமீ கொடுக்கற பெட்ரோல் வண்டி 165 கிராம். கால் பங்கு குறைவு. நல்லதுதான், ஆனா பூஜ்யம் இல்ல. சென்னை நகரத்துக்குள்ள குறையற புகையில ஒரு பகுதி இங்க நம்ம தலைமேல வருது. சுற்றுச்சூழலுக்காக வாங்கறேன்னு சொல்றவங்க கூடவே சோலாரையும் யோசிங்க. இந்தக் காரணத்துக்காக லோனை நீட்ட வேண்டாம்.

அடுத்தது தண்ணி. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் என்ன செஞ்சதுன்னு வடசென்னையில யாருக்கும் சொல்ல வேண்டாம். இந்த வண்டியோட பேட்டரியும் மோட்டாரும் ஐபி 67 தரம், அதாவது தண்ணி புகாத அளவுக்குச் சோதிச்சது. அதுக்காக முழங்கால் தண்ணியில ரெண்டு நாள் நிறுத்தலாம்னு அர்த்தம் இல்ல. இன்சூரன்ஸ் எடுக்கும்போது ஜீரோ டெப்ரிசியேஷனோட பேட்டரிக்கான ஆட் ஆன் கவரும் இருக்கான்னு பாருங்க. பிரீமியம் குறைக்கறேன்னு டீலர் முதல்ல வெட்டறது அதைத்தான். தண்ணியில நின்ன வண்டியை நீங்களா ஆன் பண்ணாதீங்க, சார்ஜும் போடாதீங்க. போட்டோ எடுத்து, டோவிங் கூப்பிடுங்க.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு

அவர் கார் கேட்கறது வீம்புக்கு இல்ல. அம்மாவுக்கு மூட்டு வலி, மாசம் ரெண்டு தடவை ஆஸ்பத்திரி. தினமும் லாரிகளுக்கு நடுவுல பைக். "ராத்திரி நான் வீடு திரும்பற வரைக்கும் அம்மா தூங்க மாட்டாங்கக்கா"ன்னு சொன்னார். இதைக் கேட்டுட்டு "கார் வேண்டாம், எஸ்ஐபி போடு"ன்னு சொல்ற ஆள் நான் இல்ல. பணத்தைச் சேர்க்கறதே இந்த மாதிரி விஷயத்துக்குத்தான். நல்ல பிரேக், ஏர்பேக், நாலு பக்கமும் இரும்பு, அதுக்குக் காசு கொடுக்கலாம்.

ஆனா அவருக்குத் தேவை 300 கிமீ ரேஞ்ச் இல்ல. தினமும் 20 கிமீ. பஞ்ச் ஈவியோட 25 கிலோவாட் அவர் பேட்டரி 9.99 லட்சத்துல ஆரம்பிக்குது. அதுவும் 2024ல பாரத் என்கேப்ல 5 நட்சத்திரம் வாங்கினதுதான். 10 லட்சத்துக்குள்ள இருக்கறதால டிசிஎஸ் இல்ல. ரோடு டாக்ஸ் விலக்கு போனாலும் 13 சதவீத வரிசைதான், 1.3 லட்சம். அந்த மோசமான நிலைமையிலகூட ஆன் ரோடு 12 லட்சத்துக்குள்ள வரும். இப்போ பயந்து எடுக்கப் போற 14.75 லட்சத்தை விட அது கிட்டத்தட்ட 3 லட்சம் குறைவு.

இன்னைக்கே எடுக்கணுமா? அதுக்கும் ஒரு வழி சொன்னேன். அந்த 19,300ஐ அடுத்த மாசத்துல இருந்து ஒரு ஆர்டியில போடுங்க. இஎம்ஐ கட்டற மாதிரியே, ஒண்ணாம் தேதி. 15 மாசத்துல 2.9 லட்சம். கையில இருக்கற முன்பணம் 2.75 லட்சத்தோட சேர்த்தா 5.65 லட்சம், வட்டி தனி. அவசரத்துக்கு வச்சிருக்கற 1 லட்சம் எஃப்டியைத் தொட வேண்டாம். விலக்கு தொடர்ந்தா லோன் 5 லட்சத்துக்குள்ள, 5 வருஷம், இஎம்ஐ சுமார் 10,000. விலக்கு போயிட்டா இன்னும் நாலஞ்சு மாசம் ஆர்டியைத் தொடருங்க. ரெண்டாவது மாசத்துலயே 19,300 போட முடியாம திணறினீங்கன்னா, 84 மாசம் எப்படி இருந்திருக்கும்னு அப்பவே தெரிஞ்சுடும். அந்தப் பாடத்துக்குச் செலவு எதுவும் இல்ல.

அதுவரைக்கும் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக கால் டாக்ஸி வைங்க. மாசம் 3,000 ஆனாலும் ஆகட்டும். ஆபீஸுக்கு லாரி கூட்டமா இருக்கற நேரத்தைத் தவிர்த்து ஷிஃப்ட் கேளுங்க, ஆபீஸ் வேன் இருந்தா ஏறிக்கோங்க.

தம்பி ரெண்டு நாள் பதிலே போடல. கோபம்னு நினைச்சேன். மூணாவது நாள், "புக்கிங் கேன்சல் பண்ணிட்டேன்கா. அட்வான்ஸ் 21,000 திரும்ப வர 10 நாள் ஆகும்னாங்க. அம்மாகிட்ட சொன்னேன், ஹெல்மெட்டை மட்டும் நல்லதா மாத்திக்கோன்னாங்க"ன்னு மெசேஜ் வந்தது.

உங்களுக்கும் இதே மூணு கேள்விதான். மாசம் எத்தனை கிமீ ஓட்டறீங்க? வீட்டுல சார்ஜ் போட இடம் இருக்கா? 5 வருஷ லோன்ல இஎம்ஐ சம்பளத்துல 15 சதவீதத்துக்குள்ள வருதா? 1,000 கிமீக்கு மேல, இருக்கு, வருதுன்னா டிசம்பர் 31க்குள்ள தைரியமா எடுங்க. ஒண்ணுக்கு இல்லன்னாகூட கொஞ்சம் பொறுங்க. உங்க கிமீ, கரண்ட் யூனிட், சம்பளம் மூணையும் கமெண்ட்ல போடுங்க, அடுத்த வீடியோவுல அஞ்சு பேரோட கணக்கை எடுத்துப் போட்டுக் காட்டறேன்.